ரெக்கார்டிங் ஸ்டுடியோல இன்டர்ன்ஷிப்பா? முதல் மாசம் இத பழகிக்கோங்க

வடபழனி, சாலிகிராமம் பக்கம் சின்னச் சின்ன ஸ்டுடியோ நிறைய இருக்கு, படிக்கிற பசங்க முதல்ல அங்க கேளுங்கன்னுதான் நான் சொல்வேன், ஏன்னா ஆள் கம்மியா இருக்கிற இடத்துலதான் கைவேலை சீக்கிரம் கிடைக்கும். காலேஜ் லெட்டர் கொண்டு போங்க, எத்தனை மணி வரைக்கும் இருக்கணும், பஸ் காசாவது தருவாங்களான்னு முதல் நாளே கேட்டுடுங்க.

முதல் வேலை கேபிள் சுத்துறது. முழங்கைல போட்டு கயிறு மாதிரி சுத்தாதீங்க, உள்ள கம்பி முறுக்கி அறுந்துடும். ஒரு வளையம் நேரா, அடுத்தது உள்பக்கமா திருப்பி, இப்படியே மாத்தி மாத்தி சுத்தினா தூக்கிப் போட்டாலும் சிக்காம விரியும்.

அடுத்து மைக். கன்டென்சர் மைக் வேலை செய்ய கரண்ட் வேணும், மைக் கேபிள் வழியாவே 48 வோல்ட் போகும், அதுதான் ஃபேன்டம் பவர். கழட்டும்போது முதல்ல ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் ரெண்டையும் மியூட் பண்ணு, 48ஐ ஆஃப் பண்ணு, அரை நிமிஷம் விடு, அப்புறம் கழட்டு. நான் ஒரு இடத்துல மியூட் பண்ணாம உருவிட்டேன், உள்ள ஹெட்ஃபோன் போட்டிருந்த பாடகி காதுல டமார்னு கேட்டு அவங்க துடிச்சுப் போயிட்டாங்க, இன்னும் மனசுல உறுத்துது. பழைய ரிப்பன் மைக்னா (உள்ள மெல்லிசான உலோகப் பட்டை இருக்கிற மைக்) சீனியரைக் கேக்காம 48 போடவே கூடாது.

பாடுறவங்க வர்றதுக்கு முன்னாடியே சுருதி எத்தனை கட்டைன்னு கேட்டு (1 கட்டைன்னா சி, 5 கட்டைன்னா ஜி) தம்புராவை ஹெட்ஃபோன்ல ரெடியா வைங்க. மிருதங்கம் இருந்தா ஏசியை முன்னாடியே போட்டு ரூமை ஒரே நிலைல வைக்கணும், இல்லன்னா தோல்ல சுருதி நகர்ந்துட்டே இருக்கும், வித்வான் பாதி நேரம் கல்லும் கட்டையும் வச்சு தட்டிட்டே இருக்க வேண்டியதுதான். பாட்டு முடியிற இடத்துல குரல் தேயும்போது க்ளிக் சத்தத்த (தாளத்துக்காக ஹெட்ஃபோன்ல ஓடுற டிக் டிக்) குறைக்கணும், ஹெட்ஃபோன்லேர்ந்து கசிஞ்சு மைக்ல ஏறிடும்.

ஆனா உங்கள அடுத்த செஷனுக்கும் கூப்பிட வைக்கிறது டேக் நோட்டுதான் (ஒரு தடவை பாடிப் பதிவு பண்றது ஒரு டேக்), இத யாரும் சொல்லித் தர்றதில்ல. பாட்டு வரிகளை பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் எந்த டேக் நல்லாருக்கு, எங்க மூச்சு சத்தம், எங்க உச்சரிப்பு வழுக்குதுன்னு பென்சில்ல குறிங்க. "ரெண்டாவது சரணம் கடைசி வரி எந்த டேக்ப்பா?"ன்னு இன்ஜினியர் திரும்பிக் கேக்கும்போது "நாலு சார், ஆனா ஆறுல கமகம் இன்னும் நல்லாருந்துச்சு"ன்னு சொல்ல முடிஞ்சா அன்னிலேர்ந்து உங்களப் பாக்குற பார்வையே வேற. பாடுறவங்க முன்னாடி மட்டும் குறை சொல்லாதீங்க, இன்ஜினியர்கிட்ட சீட்டு நீட்டுங்க போதும்.

சினிமா வேலைக்கு செஷன் ஃபைலோட சாம்பிள் ரேட் (ஒரு செகண்டுக்கு சத்தத்த எத்தனை தடவை அளக்குறோம்ங்கிறது) பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வெளியிலேர்ந்து 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் வந்தா மாத்தாம அப்படியே போடாதீங்க, ஒன்றரை செமிடோன் கிட்ட சுருதியும் ஏறி வேகமும் ஏறிடும். ஆடியோ1, ஆடியோ2ன்னு விடாம ரெக்கார்ட் பட்டன் அழுத்துறதுக்கு முன்னாடியே ட்ராக்குக்கு பேர் வைங்க.

போன் ஃப்ளைட் மோட்ல இருக்கட்டும். வெளிவராத பாட்டு ஒரு செகண்ட் கூட உங்க ஸ்டேட்டஸ்ல வரக்கூடாது, அதுல பல பேரோட பல மாச உழைப்பு இருக்கு. ராத்திரி கிளம்புறதுக்கு முன்னாடி செஷன் ஃபைலை ரெண்டு டிரைவ்ல காப்பி எடுத்து, ரெண்டையும் திறந்து ஓடவிட்டுப் பாத்துட்டு அப்புறமா லைட்டை அணைங்க.