கைடு யாருன்னு விசாரிச்சீங்களா கண்ணு? பிஎச்டிக்குக் கிளம்பும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

பிஎச்டி சேரலாமா என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கைடைப் பற்றித்தான், அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரைப் பற்றித்தான் கேட்பேன். "யாருகிட்ட கண்ணு சேரப்போற? அவருகிட்ட இப்போ எத்தனை பேர் இருக்காங்க? கடைசியா முடிச்சவங்க எத்தனை வருஷத்துல முடிச்சாங்க?" இந்த மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால், விண்ணப்பத்தை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லிவிடுவேன்.

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். சிவகிரிப் பக்கம் மஞ்சள் வெள்ளாமை பண்ணுகிற குடும்பம் எங்களுடையது. மஞ்சளில் வரும் கிழங்கழுகல் நோயை எடுத்து பாரதியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்தேன். இப்போது என்னிடம் பிஎச்டி செய்யும் ஆய்வு மாணவர்கள், அதாவது ஸ்காலர்கள், நான்கு பேர் இருக்கிறார்கள். உதவிப் பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் அதற்கு மேல் எடுக்க முடியாது. இணைப் பேராசிரியருக்கு ஆறு, பேராசிரியருக்கு எட்டு. "இடம் இருக்குதுங்களா சார்?" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

நம் பக்கம் ஒரு வரன் வந்தால் பங்காளி வீடு, பக்கத்துத் தோட்டம், மாப்பிள்ளை வேலை பார்க்கும் மில் என்று ஒன்று விடாமல் விசாரிப்போம். நான்கைந்து வருடம் நம் உழைப்பைக் கையில் வைத்திருக்கப்போகிற கைடைப் பற்றி மட்டும் "பெரிய சாருங்க, நல்ல பேரு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இப்படி விசாரியுங்கள்.

முதலில் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது. ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைடின் பெயரைப் போட்டுத் தேடி, அவரிடம் கடைசியாக முடித்த இரண்டு மூன்று பேரின் ஆய்வேடுகளை இறக்கிக்கொள்ளுங்கள். முன்பக்கத்துச் சான்றிதழில் பெரும்பாலும் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை வேலை நடந்தது என்று இருக்கும். நன்றியுரையை நிதானமாகப் படியுங்கள். கைடுக்கு நன்றி சொல்லும் பத்தி எல்லா ஆய்வேட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சக ஸ்காலர்கள், லேப் அசிஸ்டென்ட், வேறு துறை ஆசிரியர்கள் என்று யார் யாரெல்லாம் உதவினார்கள் என்கிற பத்தியில்தான் அந்த லேப் எப்படி நடக்கிறது என்பது தெரியும். அடுத்து அவருடைய கட்டுரைகளைப் பாருங்கள். ஸ்காலரின் ஆய்வேட்டில் உள்ள வேலை, கட்டுரையாக வரும்போது முதல் பெயராக அந்த ஸ்காலரின் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த லேபை விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

பிறகு நேரில் போங்கள். மருதமலை ரோட்டில் பல்கலைக்கழகத்துக்கே போவதானாலும் சரி, கோபியிலோ நாமக்கல்லிலோ ஆராய்ச்சித் துறை உள்ள ஒரு கல்லூரிக்குப் போவதானாலும் சரி, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண மத்தியானம் போங்கள். கடைசி வருடத்தில் இருக்கிற ஸ்காலரை லேபுக்கு வெளியே, டீக்கடைக்குக் கூட்டிவந்து பேசுங்கள். ஒரு சாப்டர் எழுதிக் கொடுத்தால் கைடு எத்தனை நாளில் திருத்தித் தருகிறார்? தன் சொந்த வேலைகளை ஸ்காலர்களைச் செய்ய வைக்கிறாரா? பாதியில் விட்டுப்போனவர்கள் உண்டா, ஏன் போனார்கள்? முடிந்தால் அந்த விட்டுப்போனவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். பெண் பிள்ளைகள் அங்கே இருக்கிற பெண் ஸ்காலர்களிடம் தனியாகப் பேசுவது கட்டாயம். அவர்கள் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழு சட்டப்படி இருக்க வேண்டும். சேரும்போதே அதில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெறும் வருடத்தையும் கேளுங்கள். பணியில் மூன்று வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது என்று யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதி சொல்கிறது. நான்கு வருடம் மீதியிருப்பவர் எடுக்கலாம். ஆனால் உங்கள் வேலை முடியும் சமயத்தில் அவர் கிளம்பியிருப்பார். அவரே சொல்லட்டும் என்று காத்திருக்காமல் இணை கைடு யார் என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

தலைப்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று. களத்தில் வேலை இருக்கிற தலைப்பு என்றால் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். மஞ்சள் நட்டு வெட்டி எடுக்க எட்டொன்பது மாதம் ஆகும். வைகாசி, ஆனியில் நடவைத் தவறவிட்டால் அந்த வருடமே போச்சு. பிஎச்டிக்குக் குறைந்தபட்சம் மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு வருடம். நான்கைந்து வருடத்தில் முடிப்பதானால், கோர்ஸ்வொர்க் என்கிற தொடக்கப் பாடங்களும் ஆய்வேடு எழுதுவதும் போக மூன்று வெள்ளாமைக்கு மேல் கையில் கிடைக்காது. ஒன்று மழையில் போய்விடும் என்று கணக்கில் வைத்துக்கொண்டு, மீதி இரண்டில் முடிகிற கேள்வியை மட்டும் எடுங்கள். வரலாறு எடுத்து நொய்யல் கரையில் கொடுமணல் பக்கம் வேலை செய்யப்போகிறவர்களுக்கும் அகழாய்வு நடக்கும் மாதங்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

பணம். இதை வீட்டில் வெளிப்படையாகப் பேசாமல் சேராதீர்கள். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆகி 42,000. இந்த விகிதம் 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. மொத்தம் ஐந்து வருடம் வரை வரும். ஆனால் அது மாதச் சம்பளம் போல முதல் தேதியில் வராது. மூன்று நான்கு மாதம் சேர்ந்து வரும் காலமும் உண்டு, அதற்கு ஏற்றபடி கையிருப்பு வேண்டும். ஜேஆர்எஃப் கிடைக்காதவர்களுக்கு எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிள்ளைகளுக்கான தேசிய உதவித்தொகைகள் இருக்கின்றன. தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையும் ஆதிதிராவிடர் நலத்துறையின் ஊக்கத்தொகையும் இருக்கின்றன. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் இ-சேவை மையத்தில் போய் நிற்க வேண்டாம்.

"இன்னும் எத்தனை வருஷந்தான் படிப்ப?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். என் அப்பாவை ஒரு நாள் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போய், மைக்ரோஸ்கோப்பில் கிழங்கழுகலை உண்டாக்கும் பித்தியம் கிருமியைக் காட்டினேன். தோட்டத்தில் கிழங்கு அழுகுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் அவர். "இதுதானா அது?" என்று வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் விசேஷ வீடுகளில் யாராவது கேட்டால் நான் வாய் திறக்கும் முன் அவரே பதில் சொல்லிவிடுவார். உங்கள் வேலையை வீட்டாருக்குக் காட்டுங்கள். வீட்டுச் சம்மதத்துக்கு நான் அறிந்த ஒரே வழி அதுதான்.

நடுவில் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போக நேர்ந்தால் படிப்பை விட வேண்டியதில்லை. பெண் ஸ்காலர் இடம் மாறினால் இதுவரை செய்த ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று அதே 2022 விதியில் இருக்கிறது. ஆனால் அது வெளி நிதியில் நடக்கும் புராஜெக்டின் தரவாக இருக்கக் கூடாது. மகப்பேறுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் 240 நாள் வரை விடுப்பு உண்டு. மறுபதிவையும் சேர்த்து வரும் எட்டு வருடத்துக்கு மேல் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடமும் உண்டு. இதைப் பெண் பார்க்க வரும் வீட்டாரிடம் பேச்சு நடக்கும்போதே உங்கள் வீட்டார் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சேர்ந்த பிறகு, கோர்ஸ்வொர்க்கை 55 சதவீதத்துக்கு மேல் எடுத்து முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள். அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டரல் கமிட்டியின் (டிசி) மீட்டிங் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டியது. நடக்கவில்லையென்றால் நீங்களே தேதி கேட்டு மெயில் போடுங்கள். கமிட்டி சொன்ன திருத்தங்களை அன்று இரவே எழுதி அதில் உள்ள எல்லோருக்கும் அனுப்புங்கள். இரண்டு வருடம் கழித்து "நான் அப்படிச் சொல்லலையே" என்று ஒருவர் சொன்னால் அந்த மெயில்தான் பேசும்.

எழுதுவதைக் கடைசி வருடத்துக்கு வைக்கக் கூடாது. சோதனை செய்த அதே வாரத்தில் செய்முறைப் பகுதியை எழுதிவிட வேண்டும்; எந்தத் தோட்டத்து மண், எத்தனை கிராம், எத்தனை டிகிரி என்பதெல்லாம் நான்கு மாதத்தில் மறந்துபோகும். என் ஸ்காலர்கள் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பக்கம் கொடுக்க வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பயமாக இருக்கும். அவர்களை முதலில் தமிழில் எழுதி வாதத்தைச் சரிசெய்யச் சொல்கிறேன். வாதம் தெளிவாக இருந்தால் ஆங்கிலத்தைச் சரிசெய்ய ஒரு வாரம் போதும். சாட்ஜிபிடியிடம் மேற்கோள் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்குக்கூட ஆசிரியர் பெயரும் ஆண்டும் தந்துவிடும். அடுத்தவர் எழுத்தோடு ஒற்றுமை பத்து சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும், அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

கட்டுரை விஷயத்தில் வாட்ஸ்அப்பில் வரும் "மூன்று நாளில் பப்ளிகேஷன்" செய்திகளை அழித்துவிடுங்கள். தரமான ஜர்னல்களுக்கு யுஜிசி வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது; இப்போது நாமே சரிபார்க்க வேண்டும். ஸ்கோபஸ் என்கிற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருப்பதாக ஜர்னல் சொல்வதை நம்பாமல் ஸ்கோபஸ் தளத்திலேயே போய்ப் பாருங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் பல்கலைக்கழகப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். 2022 விதியில் ஆய்வேடு கொடுக்கக் கட்டுரை கட்டாயம் என்ற நிபந்தனை இல்லை, ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கலாம்.

வேலைக்கு: உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு போதும் என்று 2023 ஜூலையில் ஆகிவிட்டது. ஆகவே வாத்தியார் வேலை மட்டும்தான் நோக்கம் என்றால், முதலில் நெட், செட் எழுதுங்கள். ஆராய்ச்சியே பிடித்திருந்தால் மட்டும் பிஎச்டி. கோவையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், வன மரபியல் நிறுவனம், ஜவுளிக்கு சிட்ரா, ஆனைகட்டியில் பறவைகளுக்கான சாக்கான் என்று கல்லூரிக்கு வெளியேயும் ஆராய்ச்சி இடங்கள் இருக்கின்றன. புராஜெக்ட் ஆள் எடுக்கும் அறிவிப்புகளை அவர்கள் தளங்களில் பாருங்கள்.

முதல் கட்டுரை அனுப்பும் முன்பே பெயரை முடிவு செய்யுங்கள். ஒரு கட்டுரையில் இனிஷியல் முன்னால், அடுத்ததில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் பெயர் என்று போட்டால் கூகுள் ஸ்காலரில் நீங்கள் நான்கு ஆளாகப் பிரிந்துவிடுவீர்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துக் கூட்டலையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வாளரைத் தனியாக அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) எண் இலவசம், பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.