அறையை அளக்கப் போய் ஃபேனை அளந்த கதை

வீட்டில் மிக்ஸ் செய்த பாட்டைக் காரில் போட்டால் பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி, இடிக்கிறது; போனில் போட்டால் குரல் தகரமாகக் கேட்கிறது. வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி ஸ்டுடியோ போட்ட எல்லாருக்கும் இந்த நாள் வரும். அன்றைக்குத்தான் அறையை அளந்து பார்த்துவிடலாம் என்று தோன்றும். ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம், அளக்கும் மைக்கை நண்பரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று அரை மணி நேரத்தில் திரையில் ஒரு கோடு வந்துவிடும். அந்தக் கோடு எதைக் காட்டுகிறது என்பதில்தான் வம்பே இருக்கிறது. எனக்கு முதலில் வந்த கோட்டில் அறை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் சீலிங் ஃபேனும் என் அவசரமும்.

மே மாதம், புழுக்கம், ஃபேனை நிறுத்த மனம் வரவில்லை. மென்பொருள் 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரே ஊளையாக ஏற்றிக்கொண்டே போகும். அதற்கு ஸ்வீப் என்று பெயர். ஃபேன் இரைச்சலும் ஏசி கம்ப்ரஸரின் உறுமலும் கிராஃபில் பள்ளம் இருக்க வேண்டிய இடங்களை மண் கொட்டி மூடியதுபோல் நிரப்பிவிடும். ஒலி அடங்கும் வாலும் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். இன்னொன்று, சுற்றுகிற ஃபேன் காற்றைக் கலக்கிக்கொண்டே இருப்பதால், நாலு ஸ்வீப் எடுத்துச் சராசரி போட்டால் மேல்ஸ்தாயி மழுங்கிப் போகும். எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பல குட்டி ஸ்வீப்களைவிட நீளமான ஒன்றே மேல். நீளத்தை இரட்டித்தால் இரைச்சலைவிட 3 டெசிபல் கூடுதலாக மேலே வருவீர்கள். உட்காரும் இடத்தில் 75, 80 டெசிபல் போதும். அதற்கு மேல் ஏற்றினால் சின்ன ஸ்பீக்கர் திணறுவதையும் சேர்த்து அளப்பீர்கள். தெருவில் ஆட்டோ ஓயும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். அறை ஒலியியலைத் தொடங்கிவைத்த வாலஸ் சபைனே 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தை இப்படி ராத்திரி ராத்திரியாகத்தான் அளந்தார். அவர் கையில் இருந்தவை ஓர் ஆர்கன் குழலும் நேரம் பார்க்கும் கடிகாரமும் பக்கத்து அரங்கிலிருந்து தூக்கி வந்த மெத்தைகளும்தான்.

மைக் விஷயத்தில் நடக்கும் தவறு எளிது. பாடுவதற்கு வைத்திருக்கும் மைக்கையே நட்டுவிடுகிறார்கள். அது முன்னால் வருவதை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதைத் தள்ளிவிடும். நாம் பார்க்க வந்ததோ சுற்றிலும் சுவரில் பட்டுத் திரும்புவதை. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும் அளவீட்டு மைக்தான் வேண்டும். அந்த மைக்கின் ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டும் கேலிபரேஷன் ஃபைலையும் ஏற்ற வேண்டும். யூமிக்-1 மாதிரி மைக்குகளுக்கு இரண்டு ஃபைல் கிடைக்கும்: மைக்கை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினால் 0 டிகிரி ஃபைல், கூரையைப் பார்க்க நிறுத்தினால் 90 டிகிரி ஃபைல். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு “ஹை கொஞ்சம் கூர்மையாக இருக்கிறதே” என்று ஸ்பீக்கரைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். போன் மைக்கை பேஸ் விஷயத்தில் நம்பவே வேண்டாம்.

சவுண்ட் கார்டில் டைரக்ட் மானிட்டரிங், அதாவது மைக் ஒலியை நேராக ஸ்பீக்கருக்கு அனுப்பும் வசதி, அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மைக் கேட்டது உடனே ஸ்பீக்கர் வழியாகத் திரும்ப வந்து, கோடு முழுக்கச் சீப்புப் பல்லாகிவிடும். கணினியின் ஒலி மேம்பாட்டு வசதிகள், முன்பு எப்போதோ போட்ட ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதி), எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும்.

இனி இடம். என் அறை 10-க்கு 12 அடி, உயரமும் 10 அடி. கான்கிரீட் தளம், சிமென்ட் பூசிய செங்கல் சுவர். நம் ஊர் வீடுகளில் அச்சு வார்த்ததுபோல் காணக் கிடைக்கும் அறை. ஒலி வினாடிக்குச் சுமார் 346 மீட்டர் போகும். எதிரெதிர் இரண்டு சுவர்களுக்கு நடுவே அரை அலைநீளம் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறை தானே முழங்கும். 12 அடிக்கு அது 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 57. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57-இல் இரண்டு முழக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காருகின்றன. ஆனால் முழக்கம் பலமாக இருப்பது சுவரோரத்தில். நட்டநடுவில் அது சூனியம். நான் உட்காருவது அகலத்துக்குச் சரியாக நடுவில். காது தரையிலிருந்து 1.2 மீட்டரில், அதாவது உயரத்துக்கும் கிட்டத்தட்ட நடுவில். பேஸ் கிதாரின் கீழ் ஏ சுரம் 55 ஹெர்ட்ஸ். அது எனக்குக் காதில் விழாததால் ஏற்றினேன், மேலும் ஏற்றினேன். காரில் அது இடித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதை நம்ப மைக்கே வேண்டாம். 57 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு எழுந்து நடந்து பாருங்கள். அறை நடுவில் ஏதோ முனகுவதுபோல் இருக்கும். பக்கச் சுவரில் காதை வைத்தால் லாரி நின்று உறுமுகிற மாதிரி கேட்கும். அதனால்தான் மைக்கை ஸ்டாண்ட் நின்ற இடத்திலேயே வைத்து அளப்பது வீண். தலை இருக்கும் இடத்தில், காது உயரத்தில், நாற்காலியின் உயர்ந்த முதுகு குறுக்கே வராமல் வைக்க வேண்டும். அதன்பின் ஒரு சாண் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தி இன்னும் நாலைந்து அளவு எடுங்கள். ஒரே புள்ளியில் எடுத்த கோட்டில் மேல்ஸ்தாயியில் தெரியும் மேடுபள்ளம், மைக் நாலு விரல் நகர்ந்தாலே மாறிவிடும். எல்லா அளவிலும் அசையாமல் நிற்கிற பள்ளத்துக்குத்தான் கவலைப்பட வேண்டும்.

அந்தப் பள்ளம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஸ்பீக்கரை அரை அடி நகர்த்துங்கள். பள்ளமும் சேர்ந்து வேறு அதிர்வெண்ணுக்கு நகர்ந்தால், அது ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியை எதிர்த்து அழிப்பதால் வருவது. ஸ்பீக்கர் முகம் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி இருந்தால் அது 140 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். ஸ்பீக்கரை நகர்த்தியும் பள்ளம் இருந்த அதிர்வெண்ணிலேயே நின்றால் உங்கள் நாற்காலிதான் தப்பான இடத்தில் இருக்கிறது.

இரண்டு ஸ்பீக்கரையும் சேர்த்து மட்டும் அளப்பவர்கள் உண்டு. இடது தனி, வலது தனி, பிறகு சேர்த்து, என்று மூன்று எடுங்கள். ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் துணி பீரோ என்றால் இரண்டு கோடும் ஒத்துப்போகாது. சேர்த்து அளந்தால் அது தெரியாமலே போய்விடும்.

கோடு வந்த பிறகு அதை அழகுபடுத்துவது அடுத்த சபலம். மேடுபள்ளத்தைச் சராசரி போட்டு வழவழப்பாக்கும் ஸ்மூத்திங்கை ஒரு ஆக்டேவுக்கு (ஒரு ஸ்தாயி அகலத்துக்கு) ஏற்றினால் எவன் அறையும் தேவலோகம்தான். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஸ்மூத்திங் இல்லாமலோ, ஆக்டேவில் 48-இல் ஒரு பங்கிலோ பாருங்கள். கிராஃபின் உயரத்தை 50 டெசிபலுக்குள் வையுங்கள். 150 டெசிபல் காட்டினால் மலையும் சமவெளியாகத் தெரியும்.

ஆர்டி60 என்ற ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவதும் சிறிய அறையில் பொருந்தாது. ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரம் அது. ஒலி எல்லாத் திசையிலும் சீராகப் பரவியிருக்கும் பெரிய கூடங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். என் அறையின் 34 கன மீட்டருக்கு, சுமார் 190 ஹெர்ட்ஸுக்குக் கீழே அப்படிப் பரவல் எதுவும் கிடையாது, தனித்தனி முழக்கங்கள்தான். அங்கே வாட்டர்ஃபால் படம் பாருங்கள். எந்த அதிர்வெண் அடங்காமல் வாலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

பள்ளத்தை ஈக்யூவில் ஏற்றி நிரப்பப் பார்க்காதீர்கள். 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். திரும்பி வந்து அடிக்கும் ஒலியும் அதே அளவு ஏறும், பள்ளம் அப்படியே இருக்கும். மேட்டைக் குறைக்கலாம், அது வேலை செய்யும். ஓர் அங்குல ஃபோமும் முட்டை அட்டையும் பேஸை ஒன்றும் செய்யாது. 57 ஹெர்ட்ஸின் கால் அலைநீளமே ஐந்து அடி. மேல்ஸ்தாயியை மட்டும் உறிஞ்சிவிட்டு, அறையை முன்பைவிட மந்தமாக்கிவிடும். நான் நாற்காலியை நடுக்கோட்டிலேயே வைத்து ஓர் அடி முன்னே தள்ளினேன், மூலைகளில் தடிமனாக ராக்வூல் என்ற, ஒலியை உறிஞ்சும் கனிமப் பஞ்சை நிறுத்தினேன். 47-இன் வால் குறைந்தது. 57-இல் பள்ளம் கொஞ்சம்தான் மேலேறியது. இப்போது அந்தச் சுரத்தை ஹெட்போனில் ஒருமுறை சரிபார்க்காமல் விடுவதில்லை.

முன்பும் பின்பும் ஒப்பிடும்போது கெயின் குமிழைத் தொடாதீர்கள். கதவு மூடியிருந்ததா, மெத்தை எங்கே கிடந்தது என்பதை ஃபைல் பெயரிலேயே எழுதிவையுங்கள். மைக் நின்ற இடத்துக்குத் தரையில் டேப் ஒட்டி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை வீடு துடைத்தபோது அம்மா அதை உரித்து எறிந்துவிட்டார். இப்போது டைல்ஸ் இடுக்கில் மார்க்கரால் ஒரு புள்ளி இருக்கிறது. அது அவர் கண்ணில் இன்னும் படவில்லை.