சாலையில் சைக்கிள்: ஈரத் தகடு, டாக்சிக் கதவு, திரும்பும் லாரி

சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிள் ஓட்டிப் பழகியாயிற்று, இனிச் சாலையில் இறங்கலாம் என்கிறீர்களா? சரி. தலைக்கவசம் மாட்டிக்கொள்ளுங்கள், 2019 முதல் சாலையில் அது கட்டாயம். விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை.

படி 1: ஓரம், ஆனால் ஒட்டி அல்ல

இடது ஓரமாகத்தான் ஓட்ட வேண்டும். அதற்காக நடைபாதை விளிம்பை உரசிக்கொண்டு போகாதீர்கள். வடிகால் மூடி, மணல், கண்ணாடித் துண்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு கை நீளம் தள்ளி ஓட்டினால், பள்ளம் வந்தாலும் விலக இடமிருக்கும்.

படி 2: ஈரமான இரும்பு

சாலைப் பணி நடக்குமிடத்தில் குழியை மூடி இரும்புத் தகடு போட்டிருப்பார்கள். நனைந்தால் பாசி பிடித்த படித்துறை மாதிரிதான். வேகத்தைத் தகட்டுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். ஏறிய பிறகு பிரேக் வேண்டாம், ஹேண்டிலைத் திருப்ப வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம். இரண்டு பெடலையும் சம உயரத்தில் நிறுத்தி, சீட்டிலிருந்து லேசாக எழுந்து, முழங்கையைத் தளர்த்தி நேராகக் கடந்துவிடுங்கள். தகட்டின் விளிம்பில் சாய்வாக ஏறினால் முன்சக்கரம் விளிம்போடு வழுக்கிக்கொண்டு போகும். நேருக்கு நேராக ஏறுங்கள்.

பாதசாரிக் கடப்பின் வெள்ளைப் பட்டை, சாலைச் சந்திப்பின் மஞ்சள் கட்டம், மேன்ஹோல் மூடி எல்லாவற்றுக்கும் இதேதான். தூறல் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் கூடுதல் கவனம் தேவை. படிந்திருந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து வழுக்கும். மழை கொட்டினால் எங்காவது ஒதுங்கி நில்லுங்கள். தேக்கா சந்தையில் பிரியாணி எங்கும் ஓடிவிடாது.

படி 3: நிற்கும் வண்டியின் கதவு

ரேஸ் கோர்ஸ் சாலை மாதிரியான இடங்களில் டாக்சியும் சரக்கு வண்டியும் ஓரம் கட்டி நிற்கும். உள்ளே ஆள் தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்று தூரத்திலிருந்தே பாருங்கள். தெரிந்தால் கதவு திறக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் திரும்பிப் பின்னால் பார்த்து, கை காட்டி, முன்கூட்டியே ஒரு கதவின் அகலத்துக்கு மேல் விலகுங்கள். கடைசி நொடியில் வெட்டி ஒடிப்பது கதவில் மோதுவதைவிட ஆபத்து. பின்னால் பேருந்து வரலாம்.

படி 4: பேருந்தும் லாரியும்

இடது பக்கம் திரும்பும் லாரிக்கும் ஓரத்துக்கும் நடுவில் நுழையவே நுழையாதீர்கள். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீர்கள். நிறுத்தத்தில் பேருந்து நுழைந்தால் பின்னாலேயே நின்றுவிடுங்கள், அரை நிமிடம்தான்.

அப்புறம், இருட்டினால் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு. கிளம்புமுன் இரண்டையும் சார்ஜ் போட்டுவிடுங்கள்.