குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிவிட்டாரா? பாதிக்கப்பட்டவர் அப்பீல் செய்வது எப்படி

கிரிமினல் வழக்கை நடத்துவது அரசு. அதனால் அப்பீல் போவதும் அரசின் வேலைதான் என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 2009 டிசம்பர் 31 அன்று அமலுக்கு வந்த ஒரு திருத்தம் பாதிக்கப்பட்டவருக்கே அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 372-வது பிரிவு. இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 413.

படி 1: உங்கள் வழக்கு இதற்குள் வருமா?

குற்றத்தால் இழப்போ காயமோ அடைந்தவர், அவருடைய பாதுகாவலர், சட்டப்படியான வாரிசு ஆகியோர் அப்பீல் செய்யலாம். காரணங்கள் மூன்றுதான்: எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலை, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டனை, போதாத இழப்பீடு. "தண்டனை காலம் குறைவு" என்பது இதில் இல்லை. அதற்கு நீங்கள் அப்பீல் செய்ய முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசுதான் செய்ய வேண்டும். செக் மோசடி வழக்கு போட்டவரும் பாதிக்கப்பட்டவரே என்பது 2025-ல் வந்த தீர்ப்பு.

படி 2: தீர்ப்பின் சான்றிட்ட நகல்

தீர்ப்பு வந்த கையோடு நகல் மனு போடுங்கள். 413-ல் கெடு எதுவும் எழுதப்படவில்லை. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தாமதமானால் ஏன் என்று கேள்வி வரும். நகலுக்குக் காத்திருந்த நாட்களைக் காட்ட மனு போட்ட தேதி உதவும்.

படி 3: எந்த நீதிமன்றம்?

மாஜிஸ்திரேட் தீர்ப்பு என்றால் செஷன்ஸ் கோர்ட். செஷன்ஸ் தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றம். அப்பீல் செய்ய முன் அனுமதி வேண்டியதில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சிலர் அப்பீலுக்குப் பதிலாகச் சீராய்வு மனு (ரிவிஷன்: தீர்ப்பில் சட்டப் பிழை உண்டா என்று பார்க்கக் கேட்பது) போடச் சொல்வார்கள், வேண்டாம். சீராய்வில் விடுதலையைத் தண்டனையாக மாற்ற முடியாது.

படி 4: காரணங்களை எழுதுவது

பெரும்பாலான அப்பீல்கள் தோற்பது இங்கேதான். விடுதலையான எதிரிக்கு நிரபராதி என்ற அனுமானம் இன்னும் பலமாகிறது. சாட்சியத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம், கீழ் நீதிமன்றம் அதில் ஒன்றை எடுத்திருக்கிறது என்றால் மேல் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது. ஆகவே "நீதி கிடைக்கவில்லை" என்று பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. தீர்ப்பைப் பென்சிலோடு படியுங்கள். எந்தச் சாட்சியைப் பற்றி நீதிபதி ஒரு வரிகூடச் சொல்லவில்லை? மருத்துவச் சான்றுக்கும் நேரில் பார்த்தவர் சாட்சியத்துக்கும் முரண் என்கிறாரா? அந்த முரண் உண்மையில் இருக்கிறதா? குறுக்கு விசாரணையில் வந்த ஒரு சின்னத் தடுமாற்றத்தை வைத்து முழுச் சாட்சியத்தையும் தள்ளியிருக்கிறாரா? ஒவ்வொன்றையும் சாட்சி எண், ஆவண எண், தீர்ப்பின் பத்தி எண்ணோடு குறியுங்கள். வக்கீலிடம் கொடுக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது.

படி 5: வக்கீல்

அரசு வழக்கறிஞரை நம்பியிருக்கத் தேவையில்லை. உங்கள் வக்கீலே வக்காலத்து போடலாம். பணவசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. போகும்போது தீர்ப்பு நகலையும் நீங்கள் எழுதிய குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.