மந்திரித்த பொருள்கள் பழுதடைந்தால் செய்ய வேண்டியவை

மணிகள் உதிர்ந்த செபமாலை, கை உடைந்த மாதா சுரூபம், கழுத்தில் அணிந்து நிறம் வெளுத்த துணி உத்தரியம், காய்ந்து சுருண்ட பழைய குருத்தோலைகள் ஆகியவை பல கத்தோலிக்க வீடுகளில் ஆண்டுக்கணக்கில் அலமாரியின் ஒரு மூலையில் கிடக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தவும் முடிவதில்லை; குப்பையில் போடவும் மனம் வருவதில்லை. அவை மந்திரிக்கப்பட்டவை, அதாவது குருவால் ஆசீர்வதிக்கப்பட்டவை என்பதால் இந்தத் தயக்கம் நியாயமானதே என்றாலும், இதில் அச்சப்பட ஏதுமில்லை.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1171ஆம் சட்டம், இறைவழிபாட்டுக்கென அர்ச்சிக்கப்பட்ட அல்லது மந்திரிக்கப்பட்ட பொருள்கள் தனியாருக்குச் சொந்தமானவையாக இருந்தாலும் வணக்கத்துடன் கையாளப்பட வேண்டும் என்றும், அவற்றை உலகியல் காரியங்களுக்கோ தகாத காரியங்களுக்கோ பயன்படுத்தக்கூடாது என்றும் கூறுகிறது. பழுதானவற்றை எப்படி அப்புறப்படுத்துவது என்று அச்சட்டம் விவரிக்கவில்லை. எரிப்பதும் புதைப்பதுமே வழிவழியாக வந்த முறைகள். இதற்கு முந்தைய 1917ஆம் ஆண்டுத் தொகுப்பு, ஒரு பொருள் தன் பழைய வடிவத்தை இழந்து தனக்குரிய பயன்பாட்டுக்குத் தகுதியற்றதாகும் அளவுக்குச் சிதைந்துவிட்டால் அதன் ஆசீர் நீங்கிவிடுகிறது என்று சொல்லியிருந்தது. முதலில் வடிவத்தைக் கலைத்துவிட்டுப் பிறகு மண்ணுக்கோ நெருப்புக்கோ கொடுக்கும் நடைமுறையின் பின்னணி இதுதான்.

வேலையைத் தொடங்குமுன், உண்மையிலேயே மந்திரிக்கப்பட்டவை எவை என்று பிரித்துக்கொள்வது நல்லது. நாள்காட்டிப் படங்கள், மாத இதழ்கள், அழைப்பிதழ்கள் போன்றவை பெரும்பாலும் மந்திரிக்கப்படாதவை. அவற்றுக்கு எந்தக் கடமையும் இல்லை. பழைய தாள்களோடு சேர்த்துவிடலாம். ஆண்டவரின் படத்தைக் கசக்கி எறிய மனம் ஒப்பாதவர்கள் எரித்துவிடலாம். அடுத்து, பழுது பார்க்கக்கூடியவற்றைத் தனியே வைக்க வேண்டும். கம்பி அறுந்த செபமாலையைக் குறடு கொண்டு சில நிமிடங்களில் சேர்த்துவிட முடியும். நல்ல நிலையில் இருந்தும் நமக்குத் தேவைப்படாதவற்றைப் பயன்படுத்துவோரிடம் இலவசமாகக் கொடுக்கலாம். கைமாறுவதால் ஆசீர் போய்விடுவதில்லை.

மிஞ்சியவற்றில் எரியக்கூடியவை எளிதானவை. குருத்தோலை, துணி உத்தரியம், மந்திரித்த காகிதப் படம், மரச்சிலுவை ஆகியவற்றை மண்சட்டியிலோ தகரத்திலோ முழுதும் சாம்பலாகும் வரை எரித்து, ஆறியபின் அச்சாம்பலை மண்ணில் புதைக்க வேண்டும். மரச்சிலுவையில் உலோகத்தாலான ஆண்டவரின் உருவம் பொருத்தப்பட்டிருந்தால் முதலில் திருகாணியைக் கழற்றி அதைத் தனியே எடுத்துவிட வேண்டும். குருத்தோலைகளை மட்டும் வீட்டிலேயே எரிக்க அவசரப்பட வேண்டாம். முந்தைய ஆண்டின் ஓலைகளை எரித்தே திருநீற்றுப் புதனுக்கான சாம்பல் தயாரிக்கப்படுகிறது என்பதால், தவக்காலத்துக்குச் சில வாரங்கள் முன்பே கோவிலில் ஒப்படைத்துவிடலாம். எஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைச் செப நேரத்தில் ஏற்றித் தீர்த்துவிடுவதே சிறந்தது.

சுரூபங்கள்தாம் பலரைக் கலங்கவைப்பவை. மாதாவின் மீது சுத்தியலை ஓங்குவதா என்று கை நடுங்குவது இயல்பு. ஆனால் உருவம் குலையாமல் புதைத்த சுரூபத்தை நாளை யாரேனும் தோண்டியெடுத்து விளையாட்டுப் பொருளாகவோ விற்பனைச் சரக்காகவோ ஆக்கிவிடக்கூடும். உடைப்பது அதைத் தடுக்கத்தான், அவமதிக்க அல்ல. சுரூபத்தைத் தூய வெள்ளைத் துணியில் நன்றாகச் சுற்றி, துணியின் மேலாகவே தட்டி உடைத்தால் துண்டுகள் சிதறாது, முகம் நொறுங்குவதைப் பார்க்கவும் நேராது. பிறகு துணியோடு அப்படியே புதைத்துவிடலாம். விளக்கு எரியும் சுரூபமாக இருந்தால் மின்கலத்தையும் ஒயரையும் முன்னதாகவே அகற்றிவிட வேண்டும். அவை மண்ணுக்குள் போகக்கூடாது. ஆட்கள் மிதித்து நடக்காத ஓர் இடத்தில், மரத்தடியிலோ செடிகளின் நடுவிலோ, நாய் கிளற முடியாத ஆழத்துக்குக் குழி தோண்டுவது முக்கியம். உலோகப் பதக்கம், கண்ணாடி மணி, பிளாஸ்டிக் செபமாலை ஆகியவற்றையும் அறுத்தோ வளைத்தோ இதே முறையில் புதைக்கலாம். பிளாஸ்டிக்கை எரிப்பது நச்சுப்புகையைத்தான் தரும். இதற்கென்று கட்டாயமான சடங்கு எதுவும் இல்லை. சிலுவை அடையாளமிட்டு ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொன்னால் போதும்.

பழைய தீர்த்தத்தைக் கழுவுதொட்டியிலோ சாக்கடையிலோ கொட்டாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். மந்திரித்த உப்பையும் நீரில் கரைத்து மண்ணில் ஊற்றலாம், ஆனால் செடியின் வேரருகே வேண்டாம், செடி பட்டுப்போகும். மந்திரித்த எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து எரித்துவிடலாம்.

தோட்டமோ முற்றமோ இல்லாத வீட்டார் பங்குத்தந்தையிடம் கேட்டால் கல்லறைத் தோட்டத்திலோ கோவில் வளாகத்திலோ இடம் காட்டுவார். கேட்காமலே ஒரு பையில் கட்டி கெபியின் (மாதா சுரூபம் வைத்த குகை போன்ற அமைப்பின்) அடியிலோ கோவில் வாசலிலோ வைத்துவிட்டு வருவதை மட்டும் மரியாதை என்று என்னால் ஏற்க முடியவில்லை. நாம் செய்யத் தயங்கிய வேலையை கோவில் பணிகளில் குருவுக்கு உதவும் உபதேசியார் தலையிலோ கோவிலைப் பெருக்குபவர் தலையிலோ சுமத்துவதே அது. கடைசியில் அந்தப் பை குப்பைக்குத்தான் போய்ச் சேரும்.

தங்க, வெள்ளிச் சிலுவைகளை விற்பதில் பலருக்குச் சந்தேகம் உண்டு. உலோகத்தின் மதிப்புக்கு விற்பது குற்றமல்ல. மந்திரிக்கப்பட்டது என்பதற்காகக் கூடுதல் விலை கேட்பதுதான் தவறு. ஒரு பக்திப் பொருள் அழிக்கப்பட்டாலோ விற்கப்பட்டாலோ அதன் பயன்பாட்டோடு இணைந்த பலன் அற்றுப்போகிறது என்று திருச்சபையின் ஞானப்பலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கான தற்காலிகத் தண்டனையிலிருந்து கிடைக்கும் விடுவிப்பு) விதிமுறைகள் கூறுவதையும் விற்பவர் அறிந்திருக்க வேண்டும்.

புனிதர்களின் திருப்பண்டங்களுக்கு (அவர்களுடைய உடலின் எச்சங்கள், அவர்கள் பயன்படுத்திய பொருள்கள்) மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. அவற்றை விற்பதை 1190ஆம் சட்டம் முற்றிலும் தடைசெய்கிறது. புதைக்கவும் எரிக்கவும் கூடாது. மூதாதையரின் பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால், உடன் இருக்கும் முத்திரையையும் சான்றிதழையும் பிரிக்காமல் பங்குத்தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும். நோயாளிகளுக்கு நற்கருணை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) கொண்டுசெல்லும் சிறு சிமிழ் வீட்டில் அகப்பட்டு, உள்ளே அப்பம் இருப்பதாகத் தோன்றினால், அதைத் திறந்து சுத்தம் செய்ய முயலாமல் உடனே குருவை அழைக்க வேண்டும்.