போமட் அடிக்க முதல் ஒருக்கால் நில்லுங்கள்

போன மாரியில் ஒரு நாள் மல்லாவியில் இருந்து சின்னம்மாவின் மகள் போன் எடுத்தாள்.

"அண்ணா, வகுப்புக்கு ஒரு சொப்ட்வெயார் போடச் சொன்னவை, அது ஏறுதே இல்லை."

"என்ன காட்டுது?"

"ஏதோ இங்கிலீசில ஒரு பெட்டி வந்தது, நான் ஓகேயை அமத்திப்போட்டன்."

சரி, அவ்வளவுதான். விடை அந்தப் பெட்டிக்குள் இருந்தது, பெட்டி போய்விட்டது. அடுத்த நாள் சிபியூவை உரச்சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டி டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள், கடையில் வழக்கம்போல் போமட் அடித்தார்கள், அதாவது இருந்ததை எல்லாம் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டார்கள், அங்கே வைத்துப் பார்க்க எல்லாம் நன்றாக வேலை செய்தது, வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினால் மறுபடி அதே பெட்டி. இரண்டு வருசத்து நோட்ஸும் அம்மம்மாவின் படங்களும் போனதுதான் மிச்சம்.

அடுத்த கிழமை நான் போய்ப் பார்த்தபோது திரையின் மூலையில் 2012 ஜனவரி 1 என்று நின்றது. மதர்போர்டில் சிஆர் 2032 என்று ஒரு வட்டப் பற்றரி இருக்கும், நாணயம் அளவு, அது செத்துவிட்டது. கரண்ட் இல்லாத நேரத்தில் கொம்பியூட்டரின் மணிக்கூட்டை ஓட வைப்பது அதுதான். அது போனால் வயரைக் கழற்றிய உடனே திகதி பழைய காலத்துக்கு ஓடிவிடும். இதற்கும் சொப்ட்வெயாருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இணையத்தளங்கள் தங்களை அடையாளம் காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கின்றன, இன்ன திகதியில் இருந்து இன்ன திகதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். உங்கள் கொம்பியூட்டர் 2012இல் நின்றுகொண்டு அதைப் பார்த்தால், இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும், நெட்டில் இருந்து இழுக்கிற சொப்ட்வெயாரும் ஏறாது. கடையில் திகதியைச் சரிசெய்திருப்பார்கள், சாக்கில் சுற்றிய நேரத்தில் அது மறந்துவிட்டது. கரண்ட் நின்று நின்று வருகிற வீட்டில் ஒவ்வொரு தடவையும் இந்தக் கூத்துத்தான். பற்றரி மாற்ற ஐந்து நிமிடம், பிளக்கைக் கழற்றிவிட்டு மாற்ற வேண்டும், அவ்வளவே.

சொப்ட்வெயார் ஏறாவிட்டாலோ திறக்காவிட்டாலோ கடைக்கு ஓட முதல் வீட்டிலேயே எதைப் பார்க்கலாம் என்று இதனால்தான் எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்துச் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்ததை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஐந்தை ஒன்றாகச் செய்து சரிவந்தால் எதனால் சரிவந்தது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

படி 1: பெட்டியை வாசியுங்கள்

எரர் பெட்டி வந்தால் ஓகேயைத் தொடாமல், கைப்போனில் அதை ஒரு படம் எடுங்கள். விண்டோஸின் வழக்கமான சின்னப் பெட்டியாக இருந்தால் கண்ட்ரோலையும் சி எழுத்தையும் சேர்த்து அமத்தினாலே அதில் உள்ள எழுத்து முழுக்கக் கொப்பியாகும், பிறகு நோட்பேட்டில் ஒட்டிக்கொள்ளலாம். இங்கிலீஷ் ஓடாவிட்டால் பயப்பட வேண்டாம், எடுத்த படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் தமிழில் காட்டும். தமிழ் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், ஆனால் விசயம் விளங்கும்.

முக்கியமாக இலக்கத்தைக் குறியுங்கள். 1618 என்று வந்தால் வேறொரு இன்ஸ்டோல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடியும் வரை பொறுங்கள் அல்லது ரீஸ்டார்ட் செய்யுங்கள். 1603 என்றால் அது பொதுவான "ஏதோ பிழை", அனுமதி, இடம், பழைய பதிப்பின் மிச்சம் என்று கீழே சொல்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கடைசியில் 7பி என்று முடிகிற நீண்ட இலக்கம் வந்தால் பெரும்பாலும் 32 பிட், 64 பிட் என்ற இரண்டு வகைப் பைல்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன.

பெட்டியே வராமல் புரோகிராம் சும்மா மறைந்துவிட்டால்? ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தேடுங்கள், ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று ஒன்று வரும். நாள் வாரியாக ஒரு வரைபடம், பிழை நடந்த நாளில் சிவப்புப் புள்ளடி. அதைத் தொட்டால் எந்தப் புரோகிராம், எத்தனை மணிக்கு, எந்தப் பைலால் விழுந்தது என்று எழுதியிருக்கும். இவ்வளவு நல்ல சாமானை விண்டோஸ் ஏன் இப்படி ஒளித்து வைத்திருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

படி 2: ரீஸ்டார்ட், ஆனால் ஷட்டவுன் அல்ல

"நிப்பாட்டிப் போட்டுப் பாத்தனான்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கொம்பியூட்டரில் ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதி முழுதாக அணைவதில்லை, தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அடுத்த முறை அதையே திரும்ப எடுக்கும். அதாவது நேற்றைய சிக்கலும் கூடவே எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதைச் செய்துவிட்டு மற்றப் புரோகிராம்களை மூடி, இன்னொரு முறை இன்ஸ்டோல் செய்து பாருங்கள். வருகிற பிரச்சினைகளில் நல்லதொரு பங்கு இங்கேயே முடிந்துவிடும்.

படி 3: வந்த பைல் முழுசாக வந்ததா

எங்கள் பக்கத்தில் பாதிப் பிரச்சினை இதுதான் என்பது என் எண்ணம். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, போனைக் கிணற்றடியில் வைத்து ஹொட்ஸ்பொட் எடுக்கிறோம், இடையில் ஒரு அழைப்பு வந்தால் டவுன்லோட் அறுந்துவிடும். அரைகுறையாக வந்த பைலைத் திறந்தால் "இந்த அப் உங்கள் கொம்பியூட்டரில் ஓடாது" என்ற பொருளில் ஒரு நீலப் பெட்டி வரும், அதைப் பார்த்து ஆட்கள் கொம்பியூட்டர் பழசு என்று நினைத்துவிடுகிறார்கள். பைலின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸில் அளவைப் பாருங்கள். தளத்தில் 90 எம்பி என்று இருந்து உங்களிடம் 31 எம்பி இருந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை, அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

இன்னொரு வகை உண்டு. ஒன்றிரண்டு எம்பியில் ஒரு சின்ன இன்ஸ்டோலர் வரும், அதைத் திறந்த பிறகுதான் மீதி எல்லாவற்றையும் நெட்டில் இருந்து இழுக்கும். இழுவை அறுந்தால் அதுவும் செத்துவிடும். இதற்கு மாற்றாகப் பல நிறுவனங்கள் ஓஃப்லைன் இன்ஸ்டோலர் என்று முழுப் பைலையும் தனியாகத் தருகின்றன, அதைத் தேடி எடுங்கள். கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகும் நாளில் நல்ல நெட் உள்ள இடத்தில் பென் டிரைவில் இறக்கி வரலாம், இல்லாவிட்டால் இரவு டேட்டா தனியாக உள்ள பக்கேஜ் என்றால் இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். பென் டிரைவ் எஃப்ஏடி 32 வகையில் இருந்தால் 4 ஜிபியை விடப் பெரிய ஒரு பைல் அதில் ஏறாது, டிரைவில் 20 ஜிபி காலியாகக் கிடந்தாலும் ஏறாது. எக்ஸ்ஃபேட் வகைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், முதலில் எடுத்து வையுங்கள்.

ஜிப் பைலாக வந்தால் அதற்குள் நுழைந்து நேரே செட்அப்பைத் திறக்க வேண்டாம். ரைட் கிளிக், எக்ஸ்ட்ராக்ட் ஓல், பிறகு வெளியே வந்த போல்டருக்குள் போய்த் திறவுங்கள். இதைத் தெரியாமல் நானே ஒரு பின்னேரம் முழுக்கப் பிறிண்டர் சீடியின் ஜிப்போடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

படி 4: உங்கள் கொம்பியூட்டருக்கு ஏற்றதா, இடம் இருக்கிறதா

செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் சிஸ்டம் டைப் என்ற வரி இருக்கும். 32 பிட் என்று இருந்தால் 64 பிட் சொப்ட்வெயார் எந்தக் கும்பிடு போட்டாலும் ஓடாது. 64 பிட்டில் 32 பிட் சொப்ட்வெயார் ஓடும். அதே பக்கத்தில் ராம் எவ்வளவு, விண்டோஸ் எது என்பதும் தெரியும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது, அதற்காக உங்கள் கொம்பியூட்டர் நாளைக்கே நிற்காது, ஆனால் போகப் போகப் புதுப் பதிப்புகள் சில அதில் ஏற மறுக்கும்.

பிறகு விண்டோஸ் இருக்கும் சி டிரைவ். அது நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டினால் முதலில் அதைக் கவனியுங்கள். டி டிரைவில் இடம் இருக்கிறது என்பது பதில் இல்லை, இன்ஸ்டோலர் தன் பொதியைப் பிரிப்பது பெரும்பாலும் சியில்தான், 3 ஜிபி சொப்ட்வெயாருக்கு அதைப்போல இரண்டு மடங்கு கூடத் தற்காலிகமாகத் தேவைப்படும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் என்ற இடத்தில் டெம்பரரி பைல்ஸ் இருக்கும், அழிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் போல்டரும் இருக்கும், அதற்கு டிக் போட முன் உள்ளே என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.

படி 5: அனுமதி

செட்அப் பைலை ரைட் கிளிக் செய்து ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துப் பாருங்கள். அண்டிவைரஸ் பிடித்து வைத்திருக்கிறதா என்பதை விண்டோஸ் செக்யூரிட்டியில் புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் பார்க்கலாம். பெயர் தெரிந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்து எடுத்த பைல் என்றால் அனுமதிக்கலாம். காசு கட்டாமல் சொப்ட்வெயாரைத் திறக்கும் கள்ளப் புரோகிராம், அதாவது ஒரு கிராக், "முதலில் அண்டிவைரஸை நிப்பாட்டு" என்று கேட்டால், கள்ளன் நாயைக் கட்டச் சொல்லுகிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒபிஸ் வாங்கக் காசில்லை என்றால் லிப்ரே ஒபிஸ் இலவசம், தமிழும் நன்றாக ஓடும்.

ஒரு சின்ன விசயம், பலர் கவனிப்பதில்லை: புதுக் கொம்பியூட்டரில் பயனர் பெயரைத் தமிழில் கொடுத்திருந்தால் அந்தப் பெயரிலேயே போல்டரும் உருவாகியிருக்கக்கூடும், சில பழைய சொப்ட்வெயார்கள் ஆங்கிலம் அல்லாத எழுத்துள்ள போல்டரைக் கண்டால் விழுந்துவிடும். ஆங்கிலப் பெயரில் இன்னொரு பயனரை உருவாக்கி அதில் போட்டுப் பாருங்கள்.

ஏறிவிட்டது, திறக்கவில்லை

விசிரன்டைம் 140 இல்லை, எம்எஸ்விசிபி 140 இல்லை என்று வந்தால் அது புரோகிராமின் குறை இல்லை. மைக்ரோசொஃப்டின் விசுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற பொதி இல்லை. அதை மைக்ரோசொஃப்டின் தளத்தில் இருந்தே எடுங்கள், 64 பிட் கொம்பியூட்டர் என்றாலும் 32 பிட்டுக்கான எக்ஸ் 86, 64 பிட்டுக்கான எக்ஸ் 64 இரண்டையும் போடுங்கள். இல்லை என்று பெட்டி சொன்ன அந்த ஒற்றை டிஎல்எல் பைலை மட்டும் தருகிறோம் என்கிற தளங்களுக்குப் போகவே வேண்டாம்.

நேற்று வரை ஓடியது இன்று திறக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் அப்ஸ் பட்டியலுக்குப் போய் அந்தப் புரோகிராமுக்கு ரிப்பேர் அல்லது மொடிஃபை இருக்கிறதா பாருங்கள். ரிப்பேர் உங்கள் தரவைத் தொடாது, ரீசெட் அழித்துவிடும். இரண்டும் அருகருகே இருக்கும், கவனம். அதுவும் சரிவராவிட்டால் புதுப் பயனர் கணக்கில் திறந்து பாருங்கள், அங்கே ஓடினால் புரோகிராம் நல்லது, உங்கள் கணக்கின் செட்டிங்ஸ்தான் பழுது. அங்கேயும் ஓடாவிட்டால் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி போடுங்கள். பல புரோகிராம்கள் ஒன்றாக விழத் தொடங்கினால், கரண்ட் போன நேரத்தில் விண்டோஸின் பைலே பழுதாகியிருக்கலாம். கமாண்ட் ப்ரொம்ப்டை அட்மினாகத் திறந்து எஸ்எஃப்சி, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, அதோடு ஒட்டி ஸ்கேன்நவ் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். அது ஓடி முடியட்டும், அதுவரை தேத்தண்ணி குடிக்கலாம்.

எழுத்துக் குப்பையாக வருகிறது

அலுவலகங்களில் இருந்தும் பள்ளிக்கூடங்களில் இருந்தும் வரும் கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். வேர்ட் பழுதென்று அதை அழித்து மறுபடி போட்டவர்கள் உண்டு. பழுது ஒன்றும் இல்லை, அது பாமினியில் அடித்த கடிதம். பாமினி ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய எழுத்துரு, அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை, அதனால்தான் அத்தனை அரைப்புள்ளிகள். பாமினி எழுத்துருப் பைலை ரைட் கிளிக் செய்து இன்ஸ்டோல் கொடுங்கள், வேர்டை மூடித் திறவுங்கள், தமிழ் வரும். திருத்தி இன்னொருவருக்கு அனுப்புவதென்றால் இணையத்தில் உள்ள மாற்றி ஒன்றில், தனி எழுத்துரு போடாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள், வாங்குபவருக்கு இந்தத் தலையிடி இருக்காது.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால்

டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டாலோ, பைல் கொப்பி பண்ணும்போது உறைந்து உறைந்து நின்றாலோ இந்தப் படிகளில் நேரம் போக்காதீர்கள், முக்கியமானதை உடனே பென் டிரைவில் எடுங்கள். டெஸ்க்டொப், டொக்கியூமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கும் சியில் இருப்பவை, போமட்டில் முதலில் போவதும் அவைதான். பிறகு ஒரு கடதாசியில் எரர் இலக்கத்தையும் நீங்கள் செய்து பார்த்தவற்றையும் எழுதி, கீழே பெரிதாக "எங்களைக் கேட்காமல் போமட் அடிக்க வேண்டாம்" என்று போட்டு, சிபியூவின் பக்கத்தில் டேப்பால் ஒட்டி, அதன் மேல் சாக்கைச் சுற்றுங்கள்.